கற்பூரம் அடிக்காமல் போனவள்

ஓடிப் போனாள் என்று சொல்கிற வாயை முதலில் கழுவிக்கொண்டு வாருங்கள், பிறகு பேசலாம். ஓடிப் போகிறவள் குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டா போவாள்? மாமியாருக்கு வெற்றிலை இடித்து வைத்துவிட்டா போவாள்? "வேன்காரனோட போயிட்டா, சத்தியம் பண்ணப் பயந்துதான் போனா" என்று பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது நம்ம லயத்துத் தெரேசா சொன்னாளாம். அதை இந்த லயத்து வீட்டு வரிசை முழுக்கப் பாடமாக்கி வைத்திருக்கிறீர்கள். தெரேசா பொய் சொல்லவில்லை. பிரியந்தி வேனில் ஏறியது நிஜம்தான். ஆனால் எதற்கு ஏறினாள்? அதை யாராவது கேட்டீர்களா?

இத்தனை காலம் யாரும் சொல்ல முடியாமல் இருந்தது. இப்போது அவள் மாமியார் பேச்சியம்மா கண்ணை மூடி, காரியமும் முடிந்துவிட்டது. இனி அந்தக் காதில் எதுவும் விழாது. சாவுக்கு வந்த முத்துலிங்கம், அதே வேன்காரர்தான், குழியை மூடிய பிறகு தேயிலைச் செடி ஓரமாகக் குந்தி அழுதபடி வாயைத் திறந்தார். அவருக்குப் பிரியந்தி சொன்னதும், அவர் கண்ணால் கண்டதும் சேர்ந்ததுதான் இந்தக் கதை. நடுவில் யாரும் பேசக் கூடாது.

பிரியந்தி டிக்கோயாப் பக்கத்துப் பெண். லிந்துலையில் நம்ம தோட்டத்து அழகுமுத்துவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். அழகுமுத்து வாகனங்களுக்கு வயரிங் செய்கிற பாஸ், மெக்கானிக்தான். மெயின் ரோட்டு வளைவில் ஒரு தகரக் கொட்டகை வைத்திருந்தான். வந்த புதிதில் அவளும் மலைக்குப் போய்க் கொழுந்துதான் பறித்தாள். பின்னேரம் கொட்டகைக்குத் தேத்தண்ணி கொண்டு போவாள். ஒரு நாள் ஒரு லொறியின் டேஷ்போர்டுக்குப் பின்னால் கழன்ற வயரை எட்ட முடியாமல், அழகுமுத்து அந்த லொறியின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டிருந்தான். இவள் தேத்தண்ணிப் போத்தலைக் கீழே வைத்துவிட்டு, "கொஞ்சம் தள்ளுங்க" என்று தன் சின்னக் கையை உள்ளே விட்டாள். கொழுந்து கிள்ளிய விரலுக்கு வயர் நுனி ஒரு பாரமா? எடுத்து வெளியே நீட்டிவிட்டாள். அன்றிலிருந்து கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குறடைத் தூக்கியவள்தான்.

பிள்ளை பிறக்கவில்லை. அழகுமுத்துவும் ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. தாய் வீட்டுக்குப் போகட்டும் என்று எல்லோரும் நியாயம் சொன்னார்கள். பேச்சியம்மாதான் குறுக்கே நின்றாள். "என் மருமக எங்கயும் போக மாட்டா. யாரு வீட்டு அடுப்புல நெருப்பு எரியுதுன்னு பாக்குற வேலைய விட்டுட்டு அவங்கவங்க வேலையப் பாருங்க" என்றாள். பிரியந்தி பக்கம் திரும்பி, "கொட்டகையத் தொறடி" என்றாள்.

அப்படித்தான் திறந்தாள். பேச்சியம்மாவின் இளைய மகன் துஷாந்த் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் போகிற வருகிற இடமெல்லாம், "எங்க அண்ணி கை வெச்சா எரியாத லைட்டும் எரியும்" என்று சொல்லிச் சொல்லியே வண்டிகளை இழுத்து வந்தான். பொம்பளை வயரிங் செய்கிறாளாம் என்று சிரித்தவர்களே பிறகு வரிசையில் நின்றார்கள். பேச்சியம்மாவும் சும்மா இருக்கவில்லை. பென்ஷன் எடுத்த கிழவி, காலையிலேயே கொட்டகை வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவாள். வேலை முடிந்து போகிற வண்டிக்கெல்லாம் சக்கரத்தடியில் தேசிக்காய் வைத்து நசுக்குவாள். முன்பக்கம் ஒரு தேசிக்காயும் மிளகாயும் கோத்துக் கட்டுவாள். "வேல செய்யிறது அவ, காவலுக்கு நிக்கிறது நான்" என்பாள். அவள் கட்டாமல் ஒரு வண்டியும் அங்கிருந்து போனது கிடையாது. பிரியந்தியும் ஒரு நாள்கூட வேண்டாம் என்று சொன்னது கிடையாது. ஏன் சொல்லப் போகிறாள்? மாமியாரும் மருமகளும் சேர்ந்து செய்கிற தொழில் என்றல்லவா நினைத்திருந்தாள்.

அப்புறம்தான் அந்த வேன் வந்தது. முத்துலிங்கம் ஹட்டன் பக்கத்துக்காரர், பெண்சாதி செத்துத் தனியாக இருக்கிறவர். வேனுக்குள்ளேயே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கும். வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு மலை மலையாகச் சுற்றுவார். துஷாந்துக்கும் மூத்த வேன் அது. சைக்கிள், கூடாரமெல்லாம் ஏற்றப் பின்னால் ஒரு ட்ரெய்லர் வாங்கி மாட்டியிருந்தார். அந்த ட்ரெய்லரின் லைட்தான் பிரச்சினை. சிக்னல் போட்டால் இரண்டு பக்கமும் மங்கலாகக் கண் சிமிட்டும். பிரேக் மிதித்தால் சிக்னல் துடிக்கும். பார்த்த பாஸ்மார் எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்களாம்.

பிரியந்தி வேனின் பின்பக்கத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே வயர்கள் காய்ந்த வாழை நார் போலக் கிடந்தன, வளைத்தால் பொடியாகும். முன்பு எவனோ கிடைத்த வயரைக் கிடைத்ததோடு முறுக்கி டேப் சுற்றி விட்டிருந்தான். டெஸ்ட் லாம்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாள். இது பார்க் லைட், இது பிரேக், இது இடது சிக்னல் என்று நூல் கட்டி வைத்தாள். கரண்ட் போனால் மட்டும் போதாது, திரும்பி வரவும் வழி வேண்டும். அந்த வழிக்குத்தான் எர்த் என்று பெயர். ட்ரெய்லரை மாட்டுகிற கொக்கியும் இரும்புதானே, அது வழியாகத் திரும்பட்டும் என்று பலர் விட்டுவிடுவார்கள். கொக்கியில் கிரீசும் துருவும் இருந்தால் எப்படித் திரும்பும்? அதனால் அவள் எர்த்துக்கென்று தனியாக ஒரு தடித்த வயரை இழுத்து, முடிச்சுக்கு முடிச்சு ஈயம் வைத்தாள். எல்லா வயரும் வேனின் பின்னால் ஒரு சாக்கெட்டில் வந்து சேர்ந்தன. ட்ரெய்லரிலிருந்து வருகிற பிளக்கை அதில் செருகினால் வண்டியும் வாலும் ஒன்று.

சோதித்துப் பார்க்கத் துஷாந்தை வேனில் ஏற்றி உட்கார வைத்தாள்.

"பிரேக்!"

"மிதிச்சாச்சு அண்ணி!"

"எங்கடா மிதிச்ச? ஒன்னும் எரியல."

"அய்யோ, இது கிளட்ச் போல. பழைய வேன்ல எது எதுன்னே தெரியல அண்ணி, எல்லாம் தேஞ்சு கெடக்கு."

"தம்பி, என் முழங்கால் தேஞ்ச அளவுக்கு அது தேயல" என்றார் முத்துலிங்கம்.

அடுத்த மிதிப்பில் இரண்டு பக்கமும் சிவப்பு பளிச்சென்று எரிந்தது. துஷாந்த் இறங்கி வந்து பார்த்துவிட்டு, "கோயில் தேருக்குக்கூட இப்பிடி எரியாது அண்ணி" என்றான்.

பிரியந்தி கை கழுவப் பீலிக்குப் போன நேரம் பேச்சியம்மா தன் காவல் வேலையைத் தொடங்கினாள். முன்பக்கம் கட்டினாள், சக்கரத்தில் நசுக்கினாள். பிறகு ட்ரெய்லரைச் சுற்றி வந்து மோவாயில் கை வைத்தாள்.

"வண்டி ஒன்னு, வால் ஒன்னு. ரெண்டும் சேர்ற எடத்துலதான் தம்பி கண்ணு பூரும்."

"நீங்க சொன்னா சரிதான் அம்மா" என்றார் முத்துலிங்கம்.

மடியிலிருந்து ஒரு சிவப்புத் துணித் துண்டை எடுத்தாள். ஒரு பிடி கல்லுப்பு, காய்ந்த மிளகாய், பிளந்த தேசிக்காய் எல்லாவற்றையும் வைத்து முடிந்து, பிளக்கும் சாக்கெட்டும் சேர்கிற இடத்தில் இறுக்கிக் கட்டினாள். சாக்கெட்டின் மூடி கொஞ்சம் திறந்தபடி நின்றது, அது யார் கண்ணிலும் படவில்லை. முத்துலிங்கம் கும்பிட்டு நின்றார். பிரியந்தி திரும்பி வரும்போது வேன் ரோட்டில் இறங்கியிருந்தது.

ஆடி மழை அந்த வருஷம் ஆவணி பிறந்தும் விடவில்லை. உப்பு பனியை உறிஞ்சும் என்று உங்களுக்குத் தெரியாதா? அடுப்படியில் உப்புச் சிரட்டை தண்ணீர் விடுவதைத் தினமும் பார்க்கிறவர்கள்தானே நாம்? உப்புத் தண்ணீரும் தேசிக்காய்ப் புளிப்பும் சொட்டுச் சொட்டாக அந்த மூடி வழியே உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு பின்னேரம் முத்துலிங்கம் ஆட்களை இறக்கிவிட்டு நுவரெலியாப் பக்கமிருந்து தனியாக வந்தார். காலையில் லைட் எரிந்தது, பார்த்துத்தான் புறப்பட்டாராம். லிந்துலை தாண்டி நம்ம வளைவில் கைக்கெட்டும் தூரம் தெரியாத பனி. எதிரே பஸ் ஏறி வரவும் வேனை ஓரம் கட்டி, பிரேக்கை மிதித்தபடியே நின்றார். பின்னால் துஷாந்தின் ஆட்டோ வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. பஸ் லைட் அவன் கண்ணில் அடித்தது. முன்னால் நின்ற ட்ரெய்லரில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே முடிந்துவிட்டான்.

அதற்குப் பிறகு லயத்தில் பேசினதை நான் சொல்ல வேண்டாம், பேசினவர்களே உட்கார்ந்திருக்கிறீர்கள். ட்ரெய்லர் லைட் எரியவில்லை. லைட் போட்டது பிரியந்தி. அவ்வளவுதான் கணக்கு. சவத்தின் மேல் விழுந்து அழுத பேச்சியம்மா, எழுந்ததும் முதலில் பார்த்தது மருமகளின் கையைத்தான். பார்த்தாள், அவ்வளவுதான்.

எடுத்து அடக்கிய பிறகு, வேன் நின்ற பொலிஸ் வளவுக்குப் பிரியந்தியைக் கூப்பிட்டார்கள். யார் வேலை என்று சிங்களத்தில் கேட்டார்கள். என் வேலைதான் என்றாள். பார்த்துச் சொல் என்று விட்டுவிட்டு அவர்கள் உள்ளே போனார்கள். முத்துலிங்கம் பக்கத்தில் நின்றார். அவள் குனிந்து பார்த்தாள். கறுத்துச் சுருங்கிய சிவப்பு முடிச்சு. அவிழ்க்காமலே அவளுக்கு அது யார் முடிச்சு என்று தெரிந்துவிட்டது. அவிழ்த்தாள். பிளக்கை இழுத்தாள். உள்ளே பித்தளை ஊசியெல்லாம் பச்சை பூத்திருந்தது. எர்த் ஊசியைத் தொட்டதும் மாவாக உதிர்ந்தது. அவள் இழுத்த வயரோ வைத்த ஈயமோ ஒரு மயிரளவும் கெடவில்லை.

"தங்கச்சி, கெழவி கட்டினத நான் கண்ணால பாத்தேன்" என்றார் முத்துலிங்கம். "சாமி காரியமாச்சேன்னு அவுக்காம விட்டதும் நான்தான். சொல்லிடுவோம்."

"யாருகிட்ட அண்ணே?"

"இங்க சொல்லுவோம். ஒங்க லயத்துல சொல்லுவோம்."

"லயத்துல சொன்னா விடியிறதுக்குள்ள அத்தை காதுல விழுந்துரும். பெத்த புள்ளைய நானே கொன்னுட்டேன்னு தெரிஞ்சா ஒரு தாய் எப்பிடி அண்ணே சோறு திங்கும்?"

"அப்ப ஒம்மேல வர்ற பழி?"

"கூடை சொமந்த முதுகுதானே, அதையும் சொமக்கும்."

செத்த பெண்சாதி மேல் ஆணை வாங்கினாள் அவரிடம். அத்தை உயிரோடு இருக்கிற மட்டும் வாய் திறக்கக் கூடாது. லைட் பார்க்காமல் வண்டி ஓட்டியது தன் பிழை என்று அவர் பொலிஸில் சொல்லி, அதற்குண்டானதை ஏற்றுக்கொண்டார். பிரியந்தி முடிச்சை மடியில் மறைத்துக்கொண்டு வீடு வந்தாள்.

அதை எங்கே போடுவது? ஆற்றில் போட்டால் சிவப்புத் துணி மிதக்கும். செடிக்கடியில் போட்டால் நாய் இழுக்கும். அடுப்பில் போட்டாள். முதலில் சீறியது. பிறகு உப்பு காய்ந்து படபடவென்று வெடிக்கத் தொடங்கியது. உள் காம்பராவில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த பேச்சியம்மாவின் குரல் வந்தது.

"யாருக்குடி சுத்திப் போடுற?"

பிரியந்தி விறகை உள்ளே தள்ளினாள்.

"வெடிக்கிற வெடியப் பாரு. எவ்வளவு கண்ணு இந்த வீட்டு மேல! நானும் எத்தன வண்டிக்குக் கட்டினேன். எம் புள்ளைக்குச் சுத்திப் போடாமப் போயிட்டேனே."

பிரியந்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள், வெடி ஓயும் வரைக்கும்.

கருமாதி முடிந்ததும் கொட்டகைப் பக்கம் ஒரு வண்டியும் திரும்பவில்லை. அவள் மறுபடி கொழுந்துக்குப் பேர் கொடுத்தாள். மலையில் அவளுக்கு இரண்டு பக்கமும் நிரை காலியாக இருக்கும், யாரும் பக்கத்தில் நின்று பறிக்க மாட்டார்கள். பீலியில் அவள் குடம் வைத்தால் பேச்சு நின்றுவிடும். அதையெல்லாம் அவள் தாங்கினாள். தாங்க முடியாததைக் கேட்டது பேச்சியம்மா.

ஒரு நாள் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள். "வெள்ளிக்கெழம மாரியம்மன் கோயிலுக்கு வா. கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணு. என் வேலையில பிழையில்லைன்னு சொல்லு. ஊரு என்னமோ சொல்லிக்கட்டும், எனக்கு அது போதும்."

"பிழை என்னுதுன்னே வெச்சுக்கங்க அத்தை."

"வெச்சுக்க முடியாதுடி. மூத்தவன் போனப்பவும் நீதான் எனக்குக் கஞ்சி ஊத்துன. ஒன்ன விட்டா எனக்கு யாரு? நீ சத்தியம் பண்ணு. பண்ணின கையோட நான் மண்ண வாரித் தூத்துவேன். எம் புள்ள உசுரு போகக் காரணமான கை எந்தக் கையோ, அது அழுகிப் போகணும், அது ஏந்துற தண்ணிகூட வாய்க்குப் போய்ச் சேரக் கூடாதுன்னு அந்த அம்மன் முன்னுக்கே சாபம் விடுவேன். அப்பத்தான் எம் மனசு ஆறும்."

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மருமகளைத் துரத்துவதற்காகப் பேச்சியம்மா அதைக் கேட்கவில்லை. கூடவே வைத்துக்கொள்ளத்தான் கேட்டாள். அதுதான் பிரியந்தியை அறுத்தது. நான் பிழை செய்யவில்லை என்று அடித்தால் அந்தச் சாபம் வரும். நான்தான் செய்தேன் என்று பொய்யாக அடித்தாலும் அந்தச் சாபம் வரும். மனுஷரை ஏமாற்றலாம். அம்மனுக்கு எந்தக் கை என்று தெரியாதா? பெற்ற வாய் விடுகிற சாபம் சுற்றிக்கொண்டு வந்து அந்தக் கிழவியின் கையிலேயே அல்லவா விழும்? கற்பூரத்தை அவள் அடிக்காமல் விட்டால்தான் சாபமும் வெளியே வராது.

தெரேசா வேறு கதவடியில் நின்று, "நாங்க மாதா கோயிலுக்குப் போறவங்க, எங்களுக்கு இதெல்லாம் இல்ல. ஆனாலும் மனசுல ஒன்னும் இல்லாட்டி அடிச்சுட்டுப் போகலாமே புள்ள" என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. பிரியந்தி மூன்று குடமும் நிறையத் தண்ணீர் பிடித்து வைத்தாள். விறகை அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கினாள். வெற்றிலை இடித்துக் கிண்ணத்தில் வைத்து, தட்டால் மூடினாள். பேச்சியம்மா குளித்து விபூதி பூசி, முந்தானையில் கற்பூரத்தை முடிந்துகொண்டு இஸ்தோப்புத் திண்ணையில் காத்திருந்தாள். பிரியந்தி ஒரு பையோடு வெளியே வந்தாள்.

"கோயிலுக்கு என்னாத்துக்குடி பை?"

"கோயிலுக்கு இல்ல அத்தை. நான் போறேன்."

கிழவிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"அப்ப நீதானா?"

பிரியந்தி திரும்பிக் கதவைச் சாத்தினாள்.

"இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லுடி. கற்பூரம்கூட வேணாம். என்னப் பாத்து ஒரே ஒரு வார்த்த சொல்லு. நான் நம்புறேன்."

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது என்று பிறகு முத்துலிங்கத்திடம் சொல்லி அழுதிருக்கிறாள். சொன்னால், நீ இல்லையென்றால் வேறு யார் என்று அடுத்த கேள்வி வரும். கிழவி விடாப்பிடிக்காரி. பெயரைக் கேட்காமல் விடமாட்டாள். பிரியந்தி குனிந்து காலைத் தொடப் போனாள். பேச்சியம்மா காலை இழுத்துக்கொண்டாள். அப்படியே தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.

வளைவில், பூட்டிய கொட்டகைக்கு எதிரே, அந்த வேன் நின்றது. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முத்துலிங்கம் இறங்கினார்.

"எங்க அண்ணே?"

"கோயிலுக்கு. ஊரு முழுக்க வருமாம், கேள்விப்பட்டேன். என்னால முடியல தங்கச்சி. எல்லாத்தையும் சொல்லப் போறேன்."

"அன்னிக்கு என்கிட்ட ஆணை போட்டிருக்கீங்க."

"ஆணைய மீறின பாவம் எனக்கு வரட்டும்."

"கோயில்ல இன்னிக்கு ஒன்னும் நடக்காது. நான் போறேன். வண்டிய திருப்புங்க."

"நீ போ. நான் சொல்லிட்டு வாரேன்."

கல் மாதிரி நின்றார். இந்த மனுஷனை விட்டுவிட்டுப் போனால் மேலே ஏறி எல்லாவற்றையும் கொட்டிவிடுவார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பையைத் தோளில் ஏற்றினாள்.

"அப்ப தலவாக்கலை மட்டும் என்னைக் கொண்டு போய் விடுங்க. பனியில பஸ்ஸுக்கு நிக்க முடியாது. தங்கச்சின்னு கூப்புடுறீங்களே, இதக்கூடச் செய்ய மாட்டீங்களா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். பிரியந்தி ஏறவில்லை. வேனைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். ட்ரெய்லர் இல்லை, வெறும் வேன்தான். துஷாந்தின் ஆட்டோ வந்து மோதிய அதே இடத்தில் நின்றாள்.

"பிரேக்க மிதிங்க அண்ணே."

மிதித்தார். பனிக்குள் இரண்டு பக்கமும் சிவப்பாக எரிந்தது.

"விட்டுட்டு மறுபடி மிதிங்க."

மறுபடியும் எரிந்தது. அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாளாம். பிறகு, "எரியுது" என்று சொல்லிக்கொண்டு முன்னால் வந்து ஏறினாள். அந்த நேரம்தான் தெரேசா குடத்தோடு மேல் பாதையில் வந்தாள். வேன் கதவு சாத்துவதையும், வண்டி தலவாக்கலைப் பக்கம் இறங்குவதையும் பார்த்தாள்.